தாசில்தார் வராத ஊர்

அமெரிக்கா போய்விட்டு வந்தவர்கள் எல்லாம் கடலுக்குள் நிற்கிற அந்தச் சிலையில் ஆரம்பிப்பார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. கூட்டிப்போகிறேன், கூட்டிப்போகிறேன் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டே இருந்தார், ஆறு மாதம் ஓடிவிட்டது. நான் பார்த்ததெல்லாம் ஒரு துணி துவைக்கிற அறை, சில பஸ்கள், ஒரு ஜெயில். அதனால் துணி துவைக்கிற அறையிலேயே ஆரம்பிக்கிறேன்.

என் மகள் சுமதிக்குத் தலைப்பிரசவம். அதற்காகத்தான் போனேன். தொண்ணூற்றெட்டு முடிந்து தொண்ணூற்றொன்பது பிறக்கிற சமயம். நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்று ஒரு ஊர். பெயரைக் கேட்டு ஏதோ பெரிய பேக்கரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு மண்ணும் இல்லை. வரிசையாக மூன்று மாடிக் குடியிருப்புகள், நடுவே கார் நிறுத்துகிற இடம், எல்லாவற்றின் மேலும் பனி. பாதி வீடுகளில் நம் ஆட்கள். சாயங்காலம் ஆனால் படிக்கட்டு முழுக்கத் தாளிக்கிற வாசம். மாப்பிள்ளை பாலாஜிக்குக் கம்ப்யூட்டர் வேலை. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று அமெரிக்காக்காரன் பயந்துபோயிருந்தான். அந்தப் பயத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பாலாற்றுப் பக்கம் ஒரு கோர்ட்டு ஊரில் எங்களுக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். காலையில் பிள்ளைகளுக்கு லோயர், ஹையர். மற்ற நேரத்தில் ஜாப் டைப்பிங்: மனு, அஃபிடவிட், வாடகை ஒப்பந்தம். அதனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மனு இங்கிலீஷ். "மிகவும் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" என்று தொடங்காமல் எனக்கு ஒரு வாக்கியம் நகராது. கடையில் நான் தயிர் கேட்டால்கூட, கனம் கோர்ட்டாரிடம் வாய்தா கேட்பதுபோல இருக்கிறது என்று சுமதி கிண்டல் பண்ணுவாள்.

பேரன் பிறந்து வீட்டுக்கு வந்ததும் துணிக்கூடை நிரம்ப ஆரம்பித்தது. பால்கனியில் கொடி கட்டி உலர்த்தினேன். மறுநாளே கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். பால்கனியில் துணி போடக்கூடாதாம், பார்க்க அசிங்கமாம். குழந்தைத் துணியில் என்ன அசிங்கத்தைக் கண்டார்களோ! கூடையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். அங்கே எல்லா வீட்டுக்கும் பொதுவாகத் துவைக்கிற மெஷின்களும் உலர்த்துகிற மெஷின்களும் வரிசையாக நின்றன.

ஒரு சின்னப் பெண், நாலு வயது இருக்கும், உலர்த்துகிற மெஷினின் வட்டக் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள். இன்னொரு கையை மூடிக் காதில் வைத்துக்கொண்டு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே துணி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோடு பேசுகிறாள் என்று அவள் அம்மாவைக் கேட்டேன்.

"அவள் அப்பாவோடு," என்றாள் அந்தப் பெண். தலையில் முக்காடு, கண்ணுக்குக் கீழே கருவளையம். "அவள் அவரை அப்படித்தான் பார்க்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள், நடுவில் டெலிபோன்."

அவள் பெயர் நஜ்வா. பாலஸ்தீனத்துக்காரி. காஸாவில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். மகள் பெயர் லீனா. புருஷன் சமீர் இங்கேயே என்ஜினீயரிங் படித்துவிட்டு, ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை பார்த்தவர். ஒரு நாள் விடியற்காலையில் இமிக்ரேஷன்காரர்கள் வந்து கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அது போன கோடையில். அன்றிலிருந்து கவுண்டி ஜெயிலில், நம்மூர்க் கணக்கில் ஜில்லா ஜெயிலில், இருக்கிறார்.

என்ன கேஸ் என்று கேட்டேன். கோர்ட்டு வாசலில் காலம் தள்ளுகிறவளுக்கு முதலில் வருகிற கேள்வி அதுதான்.

"சொல்லமாட்டோம் என்கிறார்கள்."

"எஃப்.ஐ.ஆர். இருக்குமே?"

"இல்லை."

"சார்ஜ் ஷீட்?"

"இல்லை. விசா முடிந்துவிட்டது என்று பிடித்தார்கள். ஜாமீன் கேட்டோம். இவர் நாட்டுக்கு ஆபத்து, ஆதாரம் இருக்கிறது, ஆனால் ரகசியம் என்றார்கள். நீதிபதிக்கு மட்டும் தனியறையில் காட்டினார்கள். எங்கள் வக்கீல் அம்மாவை வெளியே உட்காரவைத்தார்கள். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது என்று அந்த அம்மா கேட்கிறாள், ஒருவரும் வாய் திறக்கவில்லை."

சரி, விசா முடிந்தவனை ஊருக்கு அனுப்பித் தொலையுங்களேன் என்றேன். அதற்கும் வழியில்லையாம். சமீரிடம் இருந்தது எகிப்துக்காரர்கள் கொடுத்த பயணக் காகிதம். அதை வைத்துக்கொண்டு எகிப்துக்குள்ளேயே போக முடியாதாம். காஸாவுக்குள் விட இஸ்ரேல் சம்மதிக்கவேண்டுமாம். அனுப்ப நாடு இல்லை, வெளியே விட மனசு இல்லை. அதனால் உள்ளேயே கிட என்று விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் மனு அடித்தவள் நான், இப்படி ஒரு முடிச்சைப் பார்த்ததில்லை என்று சொல்ல ஆசைதான். பார்த்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் நஜ்வா கதவைத் தட்டினாள். கையில் பருப்பு சூப்பும், பட்டை போட்டுக் காய்ச்சி அக்ரூட் தூவிய ஒரு பானமும். பிள்ளை பெற்றவளுக்கு அவர்கள் ஊரில் அதைத்தான் கொடுப்பார்களாம். நான் ஊரிலிருந்து சுமந்துகொண்டு போன பிரசவ லேகியத்தை "டாக்டர்ட்ட கேக்காம எதையும் சாப்பிட மாட்டேம்மா" என்று தள்ளிவைத்த என் மகள், அவள் கொண்டுவந்ததை டாக்டரையும் கேட்காமல் ஒரே மூச்சில் குடித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்ட? பதிலுக்கு நஜ்வாவுக்குப் பூண்டு ரசம் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, நன்றாக இருக்கிறது காலா என்றாள். காலா என்றால் அவர்கள் பாஷையில் அம்மாவின் தங்கை, நம்ம சித்தி.

மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் கழுத்து டையைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க பாவம்தான். ஆனா நம்ம கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணியிருக்கோம். லேபர் ஸ்டேஜே இன்னும் கிளியர் ஆகல. இந்த டைம்ல அவங்களோட ரொம்ப மூவ் பண்றது சேஃப் இல்ல."

"நான் என்ன அவகூட குடித்தனமா நடத்தப்போறேன்? ரசம் குடுத்தேன், ரொட்டி வாங்கினேன்."

"ரொட்டி ஓகே அத்தை. ஜெயிலுக்கெல்லாம் போயிடாதீங்க."

நான் ஜெயில் பேச்சே எடுக்கவில்லை. அவராகத்தான் எடுத்துக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமையே போனேன்.

புளியோதரை கட்டிக்கொண்டேன். ஜெயிலுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடா போவார்கள்? நஜ்வா என்னவோ சொல்லவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். இரண்டு பஸ் மாறவேண்டும். முதல் பஸ் ஒழுங்காக வந்தது. இரண்டாவது வரவில்லை. பனிக்குழம்பில் கால் புதைய நின்று நின்று, கடைசியில் வந்த ஏதோ ஒன்றில் ஏறினால் அது எதிர்த் திசையில் போகிறது. ஓட்டியவள் ஆட்டுக்கல் மாதிரி கனமான ஒரு கறுப்பினப் பெண். நஜ்வா ஜெயில் பெயரைச் சொன்னதும் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "இறங்காதீங்க, உட்காருங்க. வண்டி திரும்பி அந்த வழியாத்தான் வரும். என் தம்பியும் அங்கேதான் இருந்தான்," என்றாள். டிக்கெட்டும் கேட்கவில்லை. அந்த நாட்டில் நான் சந்தித்த ஒரே அதிகாரி அவள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஜெயில் வாசலில் வரிசை. அந்த வரிசை எனக்குப் புதிதில்லை. எங்கள் இன்ஸ்டிடியூட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பழைய கிளைச் சிறை இருக்கிறது. இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்களில் யார்மேல் சந்தேகமோ அவர்களை அதில் வைத்திருக்கிறார்கள். ஜெயில் என்று சொல்லக்கூடாது, சிறப்பு முகாம் என்று சொல்லவேண்டும். சிறப்பு என்னவென்றால் பூட்டு. கோர்ட்டு ஜாமீன் கொடுக்கும்; வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். விசாரணை கிடையாது, எப்போது விடுவார்கள் என்ற கணக்கும் கிடையாது. அவர்களுடைய மனைவிமார்களும் அம்மாமார்களும் தூக்குப்போணியோடு வந்து எங்கள் பெஞ்சில் உட்காருவார்கள். "பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்" என்று போட்டு மனு அடித்துக் கொடுப்பேன். "விடுவாங்களா அக்கா?" என்று கேட்பார்கள். "விடுவாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே மெஷினில் பேப்பரைச் செருகுவேன். அது எனக்கு வாய்ப்பழக்கம்.

புளியோதரையை உள்ளே விடவில்லை. எங்கள் ஊரிலாவது வாயிற்காவலர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு விடுவார். இங்கே கவுண்டரில் இருந்தவன் தூக்குப்போணியை வெடிகுண்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, என்ன உறவு என்று கேட்டான். சித்தி என்றாள் நஜ்வா. அவளுடைய முக்காட்டையும் என் நெற்றிப் பொட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, எக்கேடோ கெட்டுப்போங்கள் என்று முத்திரை குத்தினான்.

சமீர் ஒல்லி. ஆரஞ்சு நிறச் சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். லீனா ஓடிப்போய்க் கண்ணாடியில் கையை வைத்தாள். அந்தப் பக்கம் அவர் கையை வைத்தார். சின்னக் கை அந்தப் பெரிய கைக்குள் காணாமல்போயிற்று. அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. பல் தேய்ப்பதுபோல அது அவளுக்கு ஒரு வழக்கமான வேலை. நான் திரும்பி நின்றுகொண்டேன், அடக்க முடியவில்லை.

என் முறை வந்ததும் டெலிபோனில், "தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்றேன். என் மனு இங்கிலீஷ் அவ்வளவுதான். அவர் சிரித்துவிட்டார். "காலா, எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களா, பேசுகிறீர்களா?" என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து மூவரும் புளியோதரையைச் சாப்பிட்டோம். காரம் தாங்காமல் லீனா பனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். சமீர் காலேஜ் போகிற வயதிலேயே இஸ்ரேல்காரர்களிடம் உள்ளே இருந்தவர் என்று நஜ்வா அப்போதுதான் சொன்னாள். பாலைவனத்தில் கூடாரம் போட்டு அடைத்துவைப்பார்களாம். அங்கேயும் குற்றச்சாட்டு கிடையாது, வழக்கு கிடையாது. ஆறு மாதம் என்று ஒரு காகிதம் மட்டும் வரும். இப்போது சமீரின் தம்பி அதே மாதிரி உள்ளே இருக்கிறான். ஆறு மாதம் முடிகிற அன்று அவர்களுடைய அம்மா அரிசி, கத்தரிக்காய், கறி எல்லாம் அடுக்கிச் சோறு ஆக்கிவைத்துக் காத்திருப்பாள். பிள்ளைக்குப் பதிலாக இன்னொரு ஆறு மாதத்துக்கான செய்தி வரும். இப்படி நாலு தடவை ஆகிவிட்டதாம்.

"அங்கேயாவது ஆறு மாதம் என்று எழுதுகிறார்கள், காலா. பொய்யாக இருந்தாலும் ஒரு தேதி. இங்கே ஒன்றுமே எழுதவில்லை. நாங்கள் அதிலிருந்து தப்பித்துத்தான் இங்கே வந்தோம்," என்றாள். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அடுத்த வாரம் நானே ஒரு மனு போடலாம் என்று மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அனுப்புநர் போட்டேன். பெறுநரில் நின்றுவிட்டது. யாருக்குப் போடுவது? ஜெயில் அதிகாரியைக் கேட்டால், நாங்கள் ரூம் வாடகைக்கு விட்ட மாதிரிதான், எதுவானாலும் இமிக்ரேஷனைக் கேளுங்கள் என்றானாம். இமிக்ரேஷனைக் கேட்டால், ஆதாரம் எங்களுடையது இல்லை, வேறு இலாகா கொடுத்தது என்கிறார்கள். எந்த இலாகா? அதுவும் ரகசியம். எங்கள் ஊரில் திட்டுவதற்காவது ஒரு கலெக்டர் இருக்கிறார். அந்தத் திரையில் கோடு ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது, நான் எழுந்துபோய்க் குழந்தைக்கு வெந்நீர் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நஜ்வா பதறிக்கொண்டு வந்தாள். சமீர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். தண்ணீரும் உப்பும் மட்டும். எதற்காக அடைத்துவைத்திருக்கிறீர்கள் என்று சொல்லும்வரை சாப்பிடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

"ஏற்கெனவே எலும்பாக இருக்கிறார். நீ சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்று போனில் சொன்னார். இன்று கூப்பிடுவார். நான் என்ன சொல்லட்டும் காலா?"

அங்கேதான் நான் என் ஊர்ப் புத்தியைக் காட்டினேன்.

எங்கள் முகாமில் இருப்பவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு உண்ணாவிரதம் உட்காருவார்கள். முதல் இரண்டு நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். யாராவது மயங்கி விழுந்ததும் ஜீப் வரும். தாசில்தார் இறங்குவார். பேச்சுவார்த்தை, உறுதிமொழி, கடைசியில் எலுமிச்சம்பழ ஜூஸ். தாசில்தாரே தன் கையால் கொடுப்பார். மறுநாள் பேப்பரில் படத்தோடு வரும். நம் நாட்டில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், உண்ணாவிரதம் என்றால் அது ஜூஸில்தான் முடியும்.

"நிறுத்தச் சொல்லாதே," என்றேன். "சாப்பிடாமல் ஒரு மனிதன் கிடந்தால் எந்த அதிகாரியாலும் நாற்காலியில் உட்கார முடியாது. ஓடி வருவான். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்."

"இங்கே யார் வருவார்கள்?"

"யாராவது வருவார்கள். தாசில்தார் இல்லாமல் ஒரு ஊர் இருக்குமா? இங்கே அவருக்கு வேறு பெயராக இருக்கும்."

"விடுவார்களா?"

"விடுவார்கள்," என்றேன். துளி யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் அவரிடம் நிறுத்தச் சொல்லவில்லை. தாசில்தார் கதையைச் சொன்னாளாம். என்ன பழ ஜூஸ் என்று காலாவைக் கேட்டுச் சொல் என்றாராம் சமீர். எலுமிச்சை என்று சொல்லி அனுப்பினேன். அவர் சிரித்ததை எனக்குச் சொல்லும்போது நஜ்வாவும் சிரித்தாள். அவள் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு போன் வருவது நின்றுவிட்டது. சாப்பிடாதவரைத் தனி அறையில் போட்டிருக்கிறார்கள், போன் கிடையாது என்று வக்கீல் அம்மா விசாரித்துச் சொன்னாள். பார்த்தாயா, கலங்கிப்போயிருக்கிறார்கள், இனி வந்துவிடுவார்கள் என்று நான் அதற்கும் ஒரு அர்த்தம் சொன்னேன். சனிக்கிழமை பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டதற்கு, நேரில் வந்து கேளுங்கள் என்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. பஸ் ஓடவில்லை. நஜ்வா பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடக்கவே கிளம்பிவிட்டாள், இடுப்பில் லீனா. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த மாப்பிள்ளை கார் சாவியை எடுத்தார்.

"நான் காரை விட்டு எறங்க மாட்டேன் அத்தை. ரெண்டு பிளாக் தள்ளித்தான் பார்க் பண்ணுவேன்," என்றார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். வங்கியில் கொள்ளையடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. ஆனாலும் கூட்டிப்போனார்.

கவுண்டரில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே இல்லை" என்றார்கள். எங்கே என்றால் சொல்ல முடியாதாம். எப்போது போனார் என்றால் அதுவும் சொல்ல முடியாதாம். ஆஸ்பத்திரியிலா, உயிரோடு இருக்கிறாரா என்று நஜ்வா கேட்டாள். கவுண்டரில் இருந்தவன் அடுத்தவர் என்று கூப்பிட்டான். லீனா அதற்குள் உள்ளே ஓடிப்போய், ஆளில்லாத கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு காவலாளி அவளைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களிடம் விட்டான். அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் பிள்ளை இருக்கும்போலத் தெரிந்தது. அதனால் என்ன?

நான் காருக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பாலாஜி கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்துவிட்டு உள்ளே வந்தார். கவுண்டரில் நின்று அவருடைய ஆபீஸ் இங்கிலீஷில் நிதானமாகக் கேட்டார்: ஒரு மனுஷனை அவன் மனைவிக்குச் சொல்லாமல் எங்கே அனுப்பினீர்கள்? அவர்கள் அவருடைய லைசென்ஸை வாங்கிப் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

"பேரை எழுதிக்கிட்டாங்க அத்தை," என்றார் திரும்பும்போது. நான் அவரைப் பற்றி அதுவரை நினைத்திருந்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க நஜ்வா டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சமீர் கூப்பிட்டார். டெக்ஸாஸிலிருந்து. கைவிலங்கு போட்டு விமானத்தில் கொண்டுபோய் அங்கே ஏதோ ஒரு ஜெயிலில் இறக்கியிருக்கிறார்கள். நியூ ஜெர்சியிலிருந்து டெக்ஸாஸ், நம்மூரிலிருந்து காஷ்மீர் மாதிரி. காரில் போனால் இரண்டு நாளுக்குமேல் ஆகும் என்றார் பாலாஜி. வாரம் ஒரு தடவை கண்ணாடியில் கை வைக்கிற அந்த ஒன்றும் போயிற்று.

உண்ணாவிரதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"முடிந்துவிட்டது, காலா. டெக்ஸாஸ் ஜெயில் அதிகாரிகளுக்கு அவர் உண்ணாவிரதம் இருக்கிறார் என்றே தெரியாது. பழைய ஜெயிலிலிருந்து யாரும் சொல்லவில்லை. தட்டை வைத்தார்கள், தொடாத தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். சாப்பாடு பிடிக்கவில்லையா என்று மட்டும் ஒருவன் கேட்டானாம். எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு காலையில் தட்டில் அட்டை டப்பாவில் ஜூஸ் இருந்தது. அவரே பிரித்துக் குடித்துவிட்டார். ஆரஞ்சு ஜூஸ். காலாவிடம் சொல், எலுமிச்சை இல்லை என்றார்."

அவர் வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மனுஷன் அன்றைக்கே சாப்பிட்டிருப்பார், அந்தச் சனிக்கிழமையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டி சொன்னால் நிறுத்துகிறேன் என்றுதானே சொன்னார்! அவள் வாயை அடைத்தவள் நான். அதை அவளிடமே சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், மனு இங்கிலீஷெல்லாம் எங்கோ போய்விட்டது, பாதி தமிழ்.

நஜ்வா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் தப்பாகச் சொல்லவில்லை, காலா. உங்கள் ஊரில் யாரோ ஒருவர் வருகிறார். அதைத்தான் சொன்னீர்கள்," என்றாள்.

நான் ஊருக்குக் கிளம்புகிற சமயத்தில் அவள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். டெக்ஸாஸுக்கே போய் அந்த ஜெயில் பக்கத்தில் ஒரு ரூம் பார்த்துக்கொள்கிறாளாம். நீ போய்ச் சேருவதற்குள் வேறு எங்காவது மாற்றினாலும் மாற்றிவிடுவார்கள் என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தாள். மாற்றினால் அங்கேயும் போவேன் என்றாள் நஜ்வா. லீனா பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கையசைக்கச் சொன்னால் அவளுக்கு அசைக்கத் தெரியவில்லை. உள்ளங்கையை என் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் என் கையைக் கொண்டுபோய் அதில் வைக்கும்வரை.

விமானத்தில் பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள், பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவள்போல, வழி முழுக்க அமெரிக்காவின் சுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரில் யாரோ வருகிறார் என்று நஜ்வா சொன்னது மனதைக் குடைந்தது. தாசில்தார் வந்தார், சரி. ஜூஸ் கொடுத்தார், சரி. அப்புறம்? விட்டார்களா? சில பேரை விட்டார்கள். மற்றவர்கள்? ஒரு வருஷம் அடித்த அதே பெயர்களை அடுத்த வருஷமும் நான்தானே அடித்தேன். அப்பா பெயர், ஊர் பெயர் எல்லாம் கேட்காமலே விரலுக்கு வரும். இத்தனை காலம் அதை நான் சேர்த்துவைத்துப் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, வீட்டுக்காரர் இன்ஸ்டிடியூட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். பெஞ்சில் முகாம்காரர்களின் வீட்டுப் பெண்கள் மூன்று பேர். அதில் ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்துக்காரி. பிள்ளை அவள் வயிற்றில் இருந்தபோது அவள் புருஷனுக்காக முதல் மனு அடித்தேன். அந்தப் பிள்ளை இப்போது அவள் மடியில் சிலேட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தது.

"அக்கா, உள்ள எல்லாரும் சாப்பிடாமல் இருக்கினம். நாளைக்குத் தாசில்தார் வாறாராம். அவரிட்டக் குடுக்க ஒரு மனு வேணும்."

உட்கார்ந்தேன். கார்பனை நடுவில் வைத்துப் பேப்பரைச் செருகினேன். பெறுநர் அடித்தேன், அவள் புருஷன் பெயரைக் கேட்காமலே அடித்தேன்.

"இந்த முறையாவது விடுவினமோ, அக்கா?"

வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. வழக்கமாக வருகிற வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது, அதற்குமேல் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை காப்பி வேணும்மா?" என்று கேட்டேன்.